நொய்யல் சாயக்கழிவுநீரும் மலிவுவிலைக் கவர்பொருள்களும்

நொய்யல் ஆறு கோயம்புத்தூருக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கும் ஆறு ஆகும். இருபதாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் திருப்பூரின் சாயப்பட்டறைக் கழிவுநீர் இந்த ஆற்றில் கலந்தது. அதனால் ஆற்றுப் பாசனம் நலிந்தது; கரையோரக் கிணறுகளும் கெட்டன. அக்கழிவுநீரைக் குறைந்த செலவில் தூய்மையாக்கி மறுபடி வேளாண்மைக்குப் பயன்படுத்த முடியுமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. தென்னை நார்க்கழிவு, உமிச்சாம்பல், மரத்தூள் போன்ற மலிவான பொருள்களைக் கொண்டு சாயத்தைப் பிரிக்கும் ஆய்வுகள் பல நடந்தன. இம்முயற்சிகளால் எதைச் செய்ய முடிந்தது, எதைச் செய்ய முடியவில்லை என்பதை நொய்யலின் வரலாற்றோடு சேர்த்து இக்கட்டுரை விளக்குகிறது.

நொய்யலும் பழைய பாசனமும்

நொய்யலுக்குக் காஞ்சிமாநதி என்ற பெயரும் உண்டு. பேரூர் பட்டீசுவரர் கோயில் இதன் கரையில் அமைந்துள்ளது. இது ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு அன்று. மழைக்காலத்தில் பெருகி, கோடையில் வற்றும். எனவே முன்னோர் ஆற்றின் குறுக்கே சிறு அணைக்கட்டுகளை எழுப்பினர். வெள்ளநீரை வாய்க்கால்கள் வழியே குளங்களுக்குத் திருப்பினர். சித்திரைச்சாவடி அணைக்கட்டு, உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர் குளம் முதலியவை இந்த ஏற்பாட்டைச் சேர்ந்தவை. குளம் நிறைந்தால் சுற்றுப்புறக் கிணறுகளில் நீர் ஊறும். ஆற்று நீரும் கிணற்று நீரும் இவ்வாறு ஒன்றோடொன்று தொடர்புடையவை. பிற்காலத்தில் ஆறு கெட்டபோது கிணறும் சேர்ந்து கெட்டதற்கு இந்தத் தொடர்பே காரணம்.

பனியன் நகரமும் சாயப்பட்டறைகளும்

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1920களில் தொடங்கியது. நீண்ட காலம் வெள்ளைப் பனியனே முக்கிய உற்பத்தியாக இருந்தது. அதற்குச் சலவைப்பட்டறை இருந்தால் போதும். 1970களின் இறுதியிலும் 1980களிலும் ஏற்றுமதி வளர்ந்தது. வெளிநாட்டினர் கேட்டவை வண்ண ஆடைகள். அதனால் சாயப்பட்டறைகள் பெருகின. 1990களில் சாய, சலவைப் பட்டறைகளின் எண்ணிக்கை எழுநூறைக் கடந்தது.

பருத்தித் துணிக்கு இங்குப் பெரும்பாலும் பயன்படுவது வினைபுரி சாயம் ஆகும். இவ்வகைச் சாயம் 1956இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. இது பருத்தி இழையுடன் வேதிப்பிணைப்பு ஏற்படுத்திக்கொள்வதால் எளிதில் வெளுக்காது. ஆனால் இதில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, போட்ட சாயம் முழுவதும் துணியில் ஏறுவதில்லை. ஒரு பகுதி அலசும் நீரோடு வெளியேறிவிடும். இரண்டாவது, சாயமும் பருத்தி இழையும் நீரில் எதிர்மின்தன்மை கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தைக் குறைத்துச் சாயத்தைத் துணிக்குள் செலுத்த உப்பு சேர்க்க வேண்டும். ஒரு லிட்டர் சாயக்குளியலில் 30 முதல் 80 கிராம் வரை சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ சேர்ப்பது வழக்கம். இந்த உப்பு துணியில் தங்குவதில்லை. அத்தனையும் கழிவுநீரில்தான் சேர்கிறது.

ஆக, சாயப்பட்டறைக் கழிவுநீரில் கண்ணுக்குத் தெரியும் நிறம், கண்ணுக்குத் தெரியாத உப்பு என இரண்டு மாசுகள் உள்ளன. முதலாவது மீதே பலருடைய கவனமும் சென்றது. உழவனுக்குப் பெரும் கேடு விளைத்ததோ இரண்டாவது.

ஒரத்துப்பாளையம் அணை

நொய்யலின் வெள்ளநீரைத் தேக்கிப் பாசனத்திற்குத் தர, சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டப்பட்டு 1990களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. ஈரோடு, கரூர் மாவட்ட நிலங்கள் இதனால் பயன்பெறும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அணை கட்டி முடிந்த காலமும் திருப்பூரின் சாயத்தொழில் உச்சத்துக்குச் சென்ற காலமும் ஒன்றாக அமைந்தன. மழைநீருக்காகக் கட்டிய அணையில் சாயநீர் தேங்கியது. தேங்கிய நீர் நிலத்தில் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளை உவர்ப்பாக்கியது. மதகைத் திறந்தால் கீழ்ப்பகுதி நிலங்களும் காவிரியும் கெடும். மூடினால் அணையைச் சுற்றியுள்ள ஊர்கள் கெடும். பாசனத்திற்கென்று கட்டிய அணையில் நீரே வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகள் கேட்கும் நிலை வந்தது.

பரப்புக் கவர்தல்: ஒரு சிறு வரலாறு

சாயநீரின் நிறத்தைப் போக்கும் வழிகளுள் ஒன்று பரப்புக் கவர்தல் ஆகும். ஒரு திண்மப் பொருளின் மேற்பரப்பில் நீரிலோ காற்றிலோ உள்ள வேறொரு பொருளின் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்வதே பரப்புக் கவர்தல். பஞ்சு நீரைக் குடிப்பது உறிஞ்சுதல். அது பொருளின் உட்புறம் முழுவதும் நிகழ்வது. கரி நிறத்தைப் பிடித்து வைப்பது பரப்புக் கவர்தல். அது பரப்பில் மட்டும் நிகழ்வது. பிடித்துக்கொள்ளும் திண்மம் கவர்பொருள் எனப்படும்.

நீரைத் தெளியவைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை கொண்டு தெளிவிப்பது கலித்தொகையில் உவமையாக வருகிறது. ஆனால் அது வேறு வகை வினை. தேற்றாங்கொட்டை நீரில் மிதக்கும் நுண்ணிய மண்துகள்களைத் திரளச்செய்து அடியில் படியவைக்கும். கரைந்த பொருளை அது எடுப்பதில்லை. கரைந்த நிறத்தை எடுப்பது கரியின் வேலை.

1773இல் சுவீடன் நாட்டு வேதியியலர் ஷீலே, கரி வாயுக்களைப் பிடித்துக்கொள்வதை ஆராய்ந்தார். 1785இல் டோபியாஸ் லோவிட்ஸ் என்பவர் உருசியாவில், நிறமேறிய கரைசல்களைக் கரி வெளுக்கச் செய்வதைக் கண்டார். விரைவிலேயே ஐரோப்பிய சர்க்கரை ஆலைகள் பழுப்பு நிறப் பாகை வெளுக்க மரக்கரியையும் பின்னர் எலும்புக்கரியையும் பயன்படுத்தத் தொடங்கின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரெய்க்கோ என்பவர் கரியை நீராவி போன்றவற்றால் பதப்படுத்திக் கிளர்வூட்டிய கரி செய்யும் முறைகளுக்குக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப்போரில் நச்சுவாயு முகமூடிகளுக்குள் நிரப்பத் தேங்காய்ச் சிரட்டைக் கரி பெரிதும் தேடப்பட்டது. 1918இல் அமெரிக்க அறிஞர் லாங்மியூர், ஒரு பரப்பு எவ்வளவு பொருளைப் பிடிக்கும் என்பதைக் கணிக்கும் சமன்பாட்டை வெளியிட்டார். இன்றும் மாணவர்கள் ஆய்வகத்தில் பயன்படுத்தும் சமன்பாடு அதுவே.

கிளர்வூட்டிய கரியின் ஆற்றல் அதன் நுண்துளைகளில் உள்ளது. ஒரு கிராம் நல்ல கரியின் உட்பரப்பை எல்லாம் விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். அதாவது ஒரு தேக்கரண்டிக் கரிக்குள் கால் ஏக்கர் பரப்பு மடங்கிக் கிடக்கிறது.

மலிவான கவர்பொருள்களைத் தேடி

கிளர்வூட்டிய கரி சிறந்தது. ஆனால் விலை உயர்ந்தது. எனவே, வீணாகும் பொருள்களைக் கொண்டு அதன் வேலையைச் செய்ய முடியுமா என்ற தேடல் தொடங்கியது. 1970களில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் மெக்கேயும் உடன் ஆய்வாளர்களும் சதுப்பு நிலக்கரியையும் மரத்தூளையும் சாயநீரில் சோதித்தனர்.

தமிழ்நாட்டில் இந்த ஆய்வுக்குக் கோயம்புத்தூர் ஒரு மையமானது. பாரதியார் பல்கலைக்கழகத்தில் சி. நமசிவாயமும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1990களிலிருந்து தென்னை நார்க்கழிவு, வாழைத்தண்டுச் சக்கை, ஆரஞ்சுத் தோல் போன்றவற்றையும், தொழிற்சாலைகளில் கழிவாக வெளிவரும் இரும்பு, குரோமியம் ஐதராக்சைடையும் கவர்பொருள்களாக ஆராய்ந்தனர். பொள்ளாச்சிப் பகுதியில் கயிறு திரிக்கும் இடங்களில் நார்க்கழிவு மலைபோல் குவிந்து கிடந்த காலம் அது. ஒரு தொழிலின் கழிவைக் கொண்டு மற்றொரு தொழிலின் கழிவைத் தூய்மையாக்குவது என்ற எண்ணம் இயல்பாகவே பலரைக் கவர்ந்தது. உமிச்சாம்பல், கரும்புச்சக்கை, வேப்பிலைத் தூள், நிலக்கரிச் சாம்பல் எனப் பட்டியல் நீண்டது.

இந்த ஆய்வுகளைப் படிக்கும் மாணவர்கள் மூன்று செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலாவது, எந்தச் சாயம் சோதிக்கப்பட்டது என்பது. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் மெத்திலீன் நீலம் நேர்மின்தன்மை உடையது. தாவரப் பொருள்களின் மேற்பரப்பு பெரும்பாலும் எதிர்மின்தன்மை உடையது. எனவே இரண்டும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். திருப்பூரில் பயன்படும் வினைபுரி சாயமோ எதிர்மின்தன்மை உடையது. பதப்படுத்தாத தாவரப் பொருளில் அது எளிதில் ஒட்டாது. அமிலத் தன்மையில் ஓரளவு ஒட்டும். ஆனால் சாயப்பட்டறைக் கழிவுநீர் காரத்தன்மை கொண்டது.

இரண்டாவது, எந்த நீரில் சோதனை நடந்தது என்பது. வாலைவடிநீரில் ஒரே ஒரு சாயத்தைக் கரைத்துச் செய்யும் சோதனை எளிது. உண்மையான கழிவுநீரில் பல சாயங்களும், உப்பும், காரமும், சோப்பும், மென்மையாக்கிகளும் கலந்திருக்கும். அவை எல்லாம் கவர்பொருளின் பரப்பில் இடம்பிடிக்கப் போட்டியிடும்.

மூன்றாவது, கவர்பொருளே நீரைக் கெடுக்கக்கூடும் என்பது. பச்சை நார்க்கழிவை நீரிலிட்டால் அதன் துவர்ப்புப் பொருள்கள் கரைந்து நீர் பழுப்பாகும். எனவே கழுவியோ, கரியாக்கியோதான் பயன்படுத்த வேண்டும். கரியாக்கும்போது விறகுச் செலவு, வேதிப்பொருள் செலவு எல்லாம் சேர்ந்து மலிவு என்ற சொல்லின் பொருள் மாறிவிடும்.

நிறம் போகும், உப்பு போகாது

இவற்றையெல்லாம் கடந்து ஒரு கவர்பொருள் நிறத்தை முழுவதும் நீக்கிவிட்டது என்றே கொள்வோம். நீர் பளிங்குபோலத் தெளிந்துவிட்டது. அதை வயலுக்குப் பாய்ச்சலாமா?

பாய்ச்சக் கூடாது. சாய மூலக்கூறு பெரியது. கரியின் பரப்பில் ஒட்டும் இயல்புடையது. உப்பிலுள்ள சோடியம், குளோரைடு அயனிகள் மிகச் சிறியவை. நீரோடு நெருங்கிப் பிணைந்தவை. அவை கரியில் ஒட்டுவதில்லை. லிட்டருக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் உள்ள உப்பை எந்த நார்க்கழிவாலும் எடுக்க முடியாது.

நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் கரைந்த திண்மங்கள் என்பர். திருப்பூரில் எல்லாரும் அறிந்த பெயர் டி.டி.எஸ். கழிவுநீரை வெளியேற்ற விதிக்கப்பட்ட வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். பாசன நீர் பற்றி ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1985இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 450 மில்லிகிராமுக்குக் கீழ் உள்ள நீரைத் தடையின்றிப் பயன்படுத்தலாம். 450 முதல் 2,000 வரை கவனம் தேவை. 2,000க்கு மேல் கடுமையான கட்டுப்பாடு தேவை. அதாவது, சட்டப்படி வெளியேற்றத் தகுதி பெற்ற நீரும்கூட நிலத்துக்கு நல்ல நீர் ஆகிவிடுவதில்லை.

இதை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் பாய்ச்ச ஏறத்தாழ 1,00,000 லிட்டர் வேண்டும். லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் உப்புள்ள நீரானால், ஒரு முறை பாய்ச்சும்போது 210 கிலோ உப்பு வயலில் சேர்கிறது. ஒரு பருவத்தில் பத்து முறை பாய்ச்சினால் 2,100 கிலோ, அதாவது இரண்டு டன்னுக்கு மேல். நீர் ஆவியாகிப் போகும். உப்பு மண்ணிலேயே தங்கும். யாரும் தம் வயலில் இரண்டு டன் உப்பைக் கொண்டுவந்து கொட்டச் சம்மதிக்கமாட்டார்கள். தெளிந்த நீரில் கரைந்து வரும்போது மட்டும் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

உவரும் களரும்

உப்பால் கெட்ட நிலத்தைத் தமிழில் இரண்டு சொற்களால் குறிப்பர். பொதுவாக உப்பு மிகுந்த நிலம் உவர்நிலம். சோடியம் மண்துகளோடு ஒட்டிக்கொண்ட நிலம் களர்நிலம். திருவள்ளுவர் கல்லாதவரைக் களர்நிலத்துக்கு ஒப்பிட்டுள்ளார். நிலம் இருக்கும், ஆனால் விளையாது.

உவர்நிலத்தில் நீர் இருந்தாலும் வேர் அதை எளிதில் எடுக்க முடியாது. பயிர் தாகத்தால் வாடும். களர்நிலத்தில் வேறு கேடு நிகழ்கிறது. சாதாரணமாகச் சுண்ணாம்புச் சத்தான கால்சியம் களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்துக் காற்றும் நீரும் புக இடம் தரும். சோடியம் மிகுந்தால் அத்துகள்கள் பிரிந்து துளைகளை அடைத்துவிடும். மழை பெய்தால் நீர் இறங்காமல் தேங்கும். காய்ந்தால் மண் பாறைபோல் இறுகும். உவரை நல்ல நீர் பாய்ச்சிக் கழுவலாம். களருக்கு அது போதாது. ஜிப்சம் இட்டுச் சோடியத்தை விலக்கிய பின்னரே கழுவ வேண்டும். நொய்யல் கரையில் அதற்கு வேண்டிய நல்ல நீரே கிடைக்காமல் போயிற்று என்பதுதான் சிக்கல்.

நீதிமன்றத் தீர்ப்புகள்

1990களில் திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. சுண்ணாம்பும் இரும்பு உப்பும் சேர்த்து நிறத்தைப் படியவைப்பதே அவற்றின் முக்கிய வேலை. நிறம் குறைந்தது, உப்பு குறையவில்லை. ஆய்வகத்தில் கவர்பொருளுக்கு இருந்த அதே எல்லை இங்கே பெரிய அளவில் வெளிப்பட்டது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் பாதுகாப்புச் சங்கம் நீதிமன்றத்தை நாடியது. பாலாற்றுத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பின் வழியே அமைந்த சூழல் இழப்பு ஆணையம், நொய்யல் பகுதியில் 28,596 விவசாயிகள் பாதிக்கப்பட்டதாகக் கண்டு இழப்பீடு நிர்ணயித்தது. 2006 டிசம்பர் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றம், சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியேற்றாத நிலையை எட்ட வேண்டும் என்று கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசில் தொடங்கி 10 காசு வரை உயரும் தொகையைக் கட்டவும் ஆணையிட்டது. 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் பட்டறைகளின் பொறுப்பை உறுதிசெய்தது. ஆணை முழுமையாக நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பல்லாயிரம் தொழிலாளர் வேலை இழந்தனர். ஆற்றைக் கெடுத்ததன் விலையை முதலில் உழவரும் பின்னர் தொழிலாளரும் கொடுக்க நேர்ந்தது.

அதன்பின் பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. உயிரியல் முறையில் தூய்மையாக்கி, நிறம் நீக்கி, எதிர் சவ்வூடுபரவல் முறையில் நல்ல நீரைப் பிரித்தெடுப்பது நடைமுறையானது. மிஞ்சும் உப்புக்கரைசலைக் காய்ச்சி உப்பைப் பிரிப்பதும், அக்கரைசலையே மறுபடி சாயக்குளியலுக்குப் பயன்படுத்துவதும் வந்தன. இதற்குச் செலவு அதிகம். ஆனால் முன்பும் இச்செலவு இல்லாமல் இல்லை. அது பட்டறைக் கணக்கில் எழுதப்படாமல் வயல்காரர் கணக்கில் எழுதப்பட்டிருந்தது.

பயன்பட்ட கவர்பொருள் எங்கே போகும்?

மலிவுக் கவர்பொருள் பற்றிப் பேசும்போது அடிக்கடி விடுபடும் கேள்வி இது. கவர்பொருள் சாயத்தை அழிப்பதில்லை. நீரிலிருந்து எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. லிட்டருக்கு 2 கிராம் கவர்பொருள் தேவை என்று கொண்டால், நாளொன்றுக்கு 1,00,000 லிட்டர் நீரைக் கையாளும் ஒரு பட்டறைக்குத் தினம் 200 கிலோ வேண்டும். மாலையில் அந்த 200 கிலோவும் நனைந்த சாயக்கழிவாக மாறியிருக்கும். தாவரப் பொருள்தானே என்று அதை எருவாக இடுவது தவறு. நீரிலிருந்து எடுத்த சாயத்தையும் உலோகத்தையும் அது மண்ணுக்கே திருப்பித் தரும். பாதுகாப்பாக எரிக்கவோ, முறையான கழிவுக்கிடங்கில் சேர்க்கவோ வேண்டும். இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்த பிறகே ஒரு கவர்பொருளை மலிவு என்று சொல்லலாம்.

கவர்பொருளுக்கு உரிய இடம்

இதனால் கவர்பொருள் ஆய்வுகள் வீண் என்று பொருளாகாது. அவற்றுக்கு உரிய இடங்கள் உள்ளன. எதிர் சவ்வூடுபரவலுக்கு முன் எஞ்சிய நிறத்தையும் கரிமப் பொருளையும் எடுத்தால் சவ்வு விரைவில் அடைபடாது. உப்புக்கரைசலில் தங்கும் நிறத்தை நீக்கினால் அக்கரைசல் மறுபடி சாயக்குளியலுக்குத் தகுதியாகும். உப்பு குறைவாகவும் உலோகம் சிறிதளவும் உள்ள கழிவுநீரில், குரோமியம் போன்றவற்றைப் பிடிக்கவும் அவை உதவும்.

வேளாண்மைக்கு எந்த நீரைத் திருப்பித் தரலாம் என்பதையும் இந்த வரலாறு கற்பிக்கிறது. உப்பு குறைந்த கழிவுநீரை, நோய்க்கிருமியும் நச்சும் நீக்கிய பின், நிலத்துக்குத் தரலாம். உப்பு மிகுந்த சாயநீருக்கு உரிய இடம் சாயப்பட்டறையே. அங்கே உப்பு தேவைப்படும் பொருள்; வயலில் அது நஞ்சு. எந்த முறையைப் பரிந்துரைத்தாலும் நிறமும் தெளிவும் மட்டும் பார்க்காமல், கரைந்த உப்பின் அளவையும் சோடியத்தின் விகிதத்தையும் அளந்து பார்த்த பிறகே பாசனத்துக்கு என்று சொல்ல வேண்டும்.

நீர் தெளிந்தால் தூய்மையாகிவிட்டது என்பது கண்ணின் தீர்ப்பு. அந்த நீரைக் குடிக்கும் மண்ணின் தீர்ப்பு சில ஆண்டுகள் கழித்தே தெரியவரும். ஒரத்துப்பாளையத்தைச் சுற்றியுள்ள கிணறுகள் அதற்குச் சான்றாக நிற்கின்றன.